லேசருக்குள் படிகத்துக்கு என்ன வேலை?

மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரி வாசலில் பத்து நிமிடம் நின்றால் ‘லேசர்’ என்ற சொல் பல தடவை காதில் விழும். “அம்மாவுக்கு லேசர் வச்சுப் புரை எடுத்தாச்சு.” “சுகருக்கு லேசர் போட்டாங்க.” “ஆபரேஷன் பண்ணின கண்ணுக்கே மறுபடி யாக் லேசர் பண்ணணுமாம்.” ஒன்றுபோல ஒலித்தாலும் இந்த மூன்றும் வேறு வேறு. முதலாவதில் பெரும்பாலும் லேசரே கிடையாது. மற்ற இரண்டிலும் லேசர் உண்டு, அந்த லேசருக்குள் படிகமும் உண்டு. ஆனால் படிகம் அங்கே பார்க்கும் வேலை ஒன்றல்ல.

இன்னொரு குழப்பம் கோயில் கடைகளில் ஸ்படிக மாலை வாங்கும்போது கேட்கக் கிடைக்கும்: “படிகத்துக்குள்ள ஒளி சக்தி இருக்கு, அதனாலதான் லேசர்ல வைக்கிறாங்க.” படிகத்துக்குள் ஒளி எதுவும் சேர்ந்து கிடக்கவில்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டால் லேசரில் உள்ள படிகமும் வெறும் கல்தான். அதை வைப்பதற்குக் காரணம் சக்தி அல்ல, வரிசை. அதன் அணுக்கள் வரிசை தப்பாமல் நிற்கின்றன. அந்த வரிசையைக் கொண்டு நான்கு வேலைகள் வாங்கலாம்.

தூண்களும் கூட்டமும்

மீனாட்சி அம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள். நடுப்பாதையில் நின்று பார்த்தால் தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்து, நீண்ட தெரு ஒன்று திறக்கும். கொஞ்சம் திரும்பினால் குறுக்காக வேறொரு தெரு. இன்னும் திரும்பினால் தூண்கள் நெருங்கிப் பார்வையை அடைத்துக்கொள்ளும். மண்டபம் மாறவில்லை, பார்க்கும் திசைதான் மாறியது.

படிகம் இப்படித்தான் இருக்கிறது. அணுக்கள் மூன்று திசையிலும் ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்ட திடப்பொருளைப் படிகம் என்கிறோம். கல்கண்டும் கல் உப்பும் படிகங்கள். கண்ணாடி படிகம் அல்ல. சித்திரைத் திருவிழாவில் வைகைக்குள் நிற்கும் ஜனக்கூட்டம் மாதிரி அதன் அணுக்கள் நெருக்கியடித்து நிற்கும். ஆனால் வரிசை இருக்காது. எந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாலும் கூட்டம் ஒரே மாதிரி தெரிவதுபோல், கண்ணாடிக்கும் திசை வித்தியாசம் கிடையாது.

‘கிரிஸ்டல்’ என்று விற்கும் அலங்காரக் கிண்ணங்கள் பெரும்பாலும் ஈயம் போன்றவை கலந்த கண்ணாடி. பளபளப்பு மட்டும் ஒன்றைப் படிகமாக்காது. நிஜ ஸ்படிகம் குவார்ட்ஸ் என்ற கனிமம். சிலிக்கனும் ஆக்சிஜனும் வரிசையாக அடுக்கியது. அதையே உருக்கி ஆறவிட்டால் சிலிக்கா கண்ணாடி கிடைக்கும். இரண்டும் ஒரே பொருள்தான், இரண்டாவதில் வரிசை மட்டும் போய்விட்டது. இந்த ஜோடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஓரிடத்தில் வேண்டியிருக்கும்.

குலவை போடுவதுபோல

படிகத்தின் வேலைகளுக்குப் போகுமுன் லேசரைப் பார்த்துவிடலாம். அணு ஆற்றலை வாங்கினால் ஒரு படி மேலே ஏறும். இறங்கும்போது அந்த வித்தியாசத்தை ஒளியாக விடும். சாதாரண விளக்கில் ஒவ்வொரு அணுவும் தன் இஷ்டத்துக்கு இறங்கும். ஒளி எல்லாப் பக்கமும் சிதறும்.

மேல்படியில் ஓர் அணு காத்திருக்கும்போது, அது விடவேண்டிய அதே நிற ஒளி அதைக் கடந்து போனால் விஷயம் மாறுகிறது. கடந்து போகும் ஒளி அணுவை இறங்கத் தூண்டும். புதிதாகப் பிறக்கும் ஒளி, தூண்டிய ஒளியின் நிறத்திலேயே, அதே திசையில், அதே தாளத்தில் போகும். இதற்குத் தூண்டிய உமிழ்வு என்று பெயர். முளைப்பாரி ஊர்வலத்தில் ஒரு பெண் குலவையைத் தொடங்க, மூச்சைப் பிடித்துக் காத்திருந்த மற்றவர்கள் அதே சுதியில் சேர்ந்துகொள்வார்களே, அதுதான்.

இதற்கு மேல்படியில் அணுக்கள் காத்திருக்க வேண்டும். வெளியிலிருந்து ஆற்றல் கொடுத்து அவற்றை ஏற்றுவதைப் பம்ப் செய்தல் என்பார்கள். அப்புறம் எதிரெதிரே இரண்டு முகம் பார்க்கும் கண்ணாடிகள் வேண்டும். ஒளி அவற்றுக்கிடையே போய்வந்து பெருகும். ஒரு கண்ணாடி மட்டும் கொஞ்சம் ஒளியை வெளியே விடும். வெளியே வருவதுதான் லேசர் கற்றை.

முதல் வேலை: பாடுகிறவர்களுக்கு இடம் கொடுப்பது

1960 மே 16 அன்று கலிபோர்னியாவின் மாலிபுவில், ஹியூஸ் ஆய்வகத்தில் தியோடர் மைமன் உலகின் முதல் லேசரை இயக்கினார். அதன் உள்ளே இருந்தது செயற்கை மாணிக்கத் தண்டு. அதைச் சுற்றி, புகைப்பட ஃபிளாஷ் போன்ற சுருள் விளக்கு. வெளிவந்தது 694.3 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி. (ஒளி அலையின் ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை உள்ள தூரம் அலைநீளம், நிறத்தைத் தீர்மானிப்பது அதுதான். நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு.) கண்ணகியின் சிலம்புப் பரலால் மதுரைக்கு ஏற்கெனவே பழக்கமான கல் அது.

மாணிக்கத்தின் பெரும்பகுதி அலுமினியம் ஆக்சைடு. சுத்தமான அலுமினியம் ஆக்சைடு படிகத்துக்கு நிறமே கிடையாது. எடையில் சுமார் 0.05 சதவீதம் குரோமியம் சேர்ந்ததால்தான் அந்த லேசர் தண்டு சிவந்தது. லேசர் ஒளியை விடுவதும் குரோமியம்தான். படிகம் குடியிருப்பு, பாடுவது குடியிருப்பவர்.

அப்படியானால் குரோமியத்தை வேறு எதிலாவது போட்டால் ஆகாதா? இங்கேதான் வரிசையின் அருமை தெரியும். படிகத்தில் ஒவ்வொரு குரோமியத்துக்கும் அக்கம்பக்கத்து அணுக்கள் ஒரே தூரத்தில், ஒரே கோணத்தில் நிற்கும். ஆகவே எல்லாவற்றுக்கும் ஏற இறங்க ஒரே உயரப் படி, எல்லாம் ஒரே சுதி. கண்ணாடியில் ஒவ்வொன்றுக்கும் சூழல் கொஞ்சம் கொஞ்சம் மாறும். சுதி சிதறி, நிறம் அகன்றுவிடும். கண்ணாடியிலும் லேசர் செய்யலாம், செய்கிறார்கள். ஒரே நிறத்தில் எளிதாகப் பெருக்க வேண்டுமென்றால் படிகமே மேல்.

இன்று அதிகம் புழங்குவது மாணிக்கம் அல்ல, யாக். இட்ரியம் அலுமினியம் கார்னெட் என்ற படிகத்தின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்துதான் ஆஸ்பத்திரியில் சொல்லும் ‘யாக்’ ஆனது. அதில் நூறு இட்ரியம் அணுக்களுக்கு ஒன்று என்ற அளவில் நியோடைமியத்தை வைப்பார்கள். படிகம் வெளிர் ஊதாவாக இருக்கும். 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இது முதன்முதலாக லேசராக வேலை செய்தது. 808 நானோமீட்டர் ஒளியை ஊட்டினால் நியோடைமியம் மேலேறி, ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் 230 பங்கு நேரம் காத்திருந்து, 1064 நானோமீட்டர் ஒளியை விட்டு இறங்கும். அணுக்கணக்கில் அது மிக நீண்ட காத்திருப்பு. 1064 அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது.

கணக்குப் போட்டால் ஒரு சங்கடம் புலப்படும். ஊட்டிய ஒவ்வொரு 808 ஒளித்துகளின் ஆற்றலிலும் 76 சதவீதம்தான் 1064-ஆக வெளியேறும். மீதி 24 சதவீதம் படிகத்துக்குள்ளேயே சூடாகத் தங்கிவிடும். தண்டின் நடுப்பகுதி சூடேறும், ஓரம் குளிர்ந்திருக்கும். சூட்டுக்கேற்ப ஒளி வளையும் அளவும் மாறுவதால் தட்டையான தண்டே ஒரு லென்ஸ் ஆகிவிடும். இதற்கு வெப்ப லென்ஸ் என்று பெயர். காலையில் சரியாக இருந்த கற்றை ஒரு மணி நேரத்தில் பருத்துப்போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். மேலும் சூடேறினால் தண்டு விரிசல் விடும். யாக் கண்ணாடியைப் போல் பத்து மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும் என்பது அதைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணம்.

குளிர்விக்கும் தண்ணீர் எவ்வளவு சில்லென்று இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று நினைப்பதும் தவறு. ஐப்பசி மழைநாளில் மதுரைக் காற்றின் ஈரத்தில், சில்லிட்ட படிக முகத்தில் ஐஸ் தம்ளரில் வேர்ப்பதுபோல நீர் கோக்கும். அதில் ஒட்டிய தூசியை லேசர் எரிக்கும். எரிந்த புள்ளி மேலும் ஒளியை உறிஞ்சிப் பள்ளமாகும். தண்ணீரின் வெப்பநிலையை அறையில் பனி கோக்கும் நிலைக்கு மேலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: ஒளி தருவது படிகத்தில் கலந்த குரோமியமோ நியோடைமியமோ. படிகம் அவற்றை ஒரே சுதியில் நிறுத்துகிறது, சூட்டையும் வெளியே கடத்துகிறது.

இரண்டாம் வேலை: நிறத்தை மாற்றுவது

சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டவர்களுக்குப் போடும் லேசர் பொதுவாகப் பச்சை, 532 நானோமீட்டர். 1064-இல் சரிபாதி. ரத்தத்தின் சிவப்பும் விழித்திரைக்கு அடியிலுள்ள கறுப்பு நிறமியும் பச்சையை நன்றாக உறிஞ்சுவதால் மருத்துவர்கள் அதை விரும்புகிறார்கள். நியோடைமியம் விடுவதோ அகச்சிவப்பு. அது எப்படிப் பச்சையாகிறது? வடிகட்டியதா, சாயம் ஏற்றியதா என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் இல்லை.

கோயில் கொடைக்குக் கட்டும் குழாய் ஸ்பீக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். சத்தம் குறைவாக வைத்தால் பாட்டு பாட்டாகவே வரும். முழுக்கத் திருகினால் கரகரக்கும். அந்தக் கரகரப்பில், பாட்டில் இல்லாத புதிய ஸ்வரங்கள் இருக்கும். முக்கியமாக, மூல ஸ்வரத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் அதிர்பவை. ஸ்பீக்கரின் சவ்வு அளவுக்கு மீறி ஆட்டப்படும்போது கொடுத்ததை அப்படியே திருப்பித் தர முடியாமல் போவதால் பிறப்பவை அவை.

ஒளியும் ஓர் அதிர்வுதான். அது படிகத்துக்குள் போகும்போது அணுக்களின் எலக்ட்ரான்களை முன்னும் பின்னும் ஆட்டும். மெல்லிய ஒளியில் எலக்ட்ரான்கள் ஒழுங்காக ஆடி அதே நிறத்தைத் திருப்பித் தரும். லேசர் மாதிரி கடுமையான ஒளியில் ஆட்டம் பிசகும். சுவருக்குப் பக்கத்தில் கட்டிய ஊஞ்சலைப் பலமாக ஆட்டினால் சுவர்ப்பக்கம் தட்டி நிற்கும், மறுபக்கம் முழுக்கப் போகும். அந்தக் கோணல் ஆட்டத்துக்குள் இரட்டை வேக அதிர்வு ஒளிந்திருக்கிறது. அதிர்வு இரட்டித்தால் அலைநீளம் பாதியாகும். 1064 போய் 532 வரும். இதற்கு அதிர்வெண் இரட்டிப்பு என்று பெயர்.

இதற்கு ‘சுவர்’ எல்லா அணுவுக்கும் ஒரே பக்கத்தில் இருந்தாக வேண்டும். ஜனக்கூட்டம் போன்ற கண்ணாடியில் சிலருக்கு இடதில் சுவர், சிலருக்கு வலதில். மொத்தத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். படிகத்திலும் எல்லாப் படிகமும் உதவாது. இடமும் வலமும் சமமில்லாத அடுக்கு உள்ளதுதான் வேண்டும். மேலே சொன்ன ஜோடி இங்கே பிரிகிறது: ஸ்படிகம் நிறத்தை இரட்டிக்கும், அதை உருக்கிய சிலிக்கா கண்ணாடி செய்யாது. 1961-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கன் குழு முதன்முதலாக இதைக் காட்டியது குவார்ட்ஸில்தான். மாணிக்க லேசரின் 694.3 நானோமீட்டர் ஒளி உள்ளே போய், 347.2 நானோமீட்டர் புறஊதா ஒரு துளி வெளியே வந்தது. புகைப்படத் தகட்டில் அது அவ்வளவு சிறிய புள்ளி என்பதால், ஆய்விதழில் அச்சேறும்போது தூசி என்று எண்ணி அழித்துவிட்டார்கள். சான்று இல்லாத சான்றுப் படமாக அது வெளிவந்தது.

அந்தத் துளி ஏன் அவ்வளவு சின்னது? தேர் வடத்தைக் கேளுங்கள். ஆயிரம் பேர் பிடித்தாலும் ஒரே வேளையில் இழுத்தால்தான் தேர் நகரும். படிகத்தில் ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் பச்சை பிறக்கிறது. முதலில் பிறந்ததும் பிறகு பிறப்பதும் ஒரே தாளத்தில் இருந்தால் கூடும். ஆனால் ஒரே பொருளில் அகச்சிவப்பும் பச்சையும் ஒரே வேகத்தில் போவதில்லை, பச்சை பின்தங்கும். பல படிகங்களில் சில மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு) தூரம் போவதற்குள் புதிய பச்சை பழைய பச்சைக்கு எதிராக இழுக்கத் தொடங்கிவிடும்.

வழி மண்டபத்தின் தூண்களிலேயே இருக்கிறது. படிகத்துக்குள் ஒளியின் வேகம், அது போகும் திசையையும் அது எந்தத் தளத்தில் அதிர்கிறது என்பதையும் பொறுத்து மாறும். ஆகவே படிகத்தை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் அறுத்து, ஒரு தளத்தில் அதிரும் பச்சையின் வேகத்தை அகச்சிவப்பின் வேகத்தோடு பொருத்திவிடலாம். இதுதான் கட்டப் பொருத்தம்; ஆய்வகத்தில் ஃபேஸ் மேட்சிங் என்பார்கள். பச்சை லேசர்களில் அதிகம் புழங்கும் பொட்டாசியம் டைட்டனைல் பாஸ்பேட் படிகத்தை 1064-க்காக ஓர் அச்சிலிருந்து சுமார் 23.5 டிகிரி தள்ளி அறுப்பார்கள். பேரியம் போரேட் என்ற படிகம் மிகக் கறார். 1 செ.மீ. நீளத் துண்டில் ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கு கோணம் தவறினாலே பச்சை பெரிதும் குறைந்துவிடும். லித்தியம் ட்ரைபோரேட்டைக் கோணம் மாற்றாமல் சூட்டாலேயே பொருத்தலாம். சுமார் 149 டிகிரி செல்சியஸில் சிறிய அடுப்புக்குள் வைத்தால் போதும். ஆனால் அடுப்பை நிமிடத்துக்குச் சில டிகிரி என்ற நிதானத்தில்தான் ஏற்றவும் இறக்கவும் வேண்டும். மின்வெட்டில் சட்டென்று ஆறி விரிசல் கண்ட படிகத்தை மறுபடி ஒட்ட முடியாது.

பெயரில் ஓர் எச்சரிக்கை. பொட்டாசியம் டைட்டனைல் பாஸ்பேட், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் இரண்டையும் சுருக்கித் தமிழில் எழுதினால் ஒரே எழுத்துகள்தான் வரும். முதலாவது ஈரத்துக்கு அசையாது. இரண்டாவது தண்ணீரில் கரையும் உப்பு. மாறாகப் புரிந்துகொண்டு இரண்டாவதைத் திறந்த மேசையில் வைத்தால் கார்த்திகை மாதத்திலேயே அதன் பளபளப்பு மங்கிவிடும். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில்தான் அது இருக்க வேண்டும். முதலாவதற்கும் ஒரு நோய் உண்டு: கடும் ஒளியில் நாள்பட ஓடினால் கற்றை போன வழியில் சாம்பல் நிறக் கோடு விழும், பச்சை மெல்லக் குறையும்.

சுருக்கம் இவ்வளவே: கடும் ஒளி, சமச்சீர் இல்லாத படிகம், சரியான கோணம் அல்லது சூடு. இந்த மூன்றும் கூடினால் நிறம் இரட்டிக்கும்.

மூன்றாம் வேலை: மடையைத் திறப்பது

வைகை அணையில் 71 அடிக்குத் தண்ணீர் சேர்த்துவிட்டு மதகைத் திறப்பதும், வந்த தண்ணீரை வந்தபடி விடுவதும் ஒன்றல்ல. லேசரிலும் ஒளி போய்வரும் பாதையைக் கொஞ்ச நேரம் அடைத்துவைத்தால் மேல்படியில் அணுக்கள் நிறையச் சேரும். பின் சட்டென்று திறந்தால் சேர்ந்ததெல்லாம் சில நானோ வினாடிகளில் (ஒரு வினாடியில் நூறு கோடியில் சில பங்கு) கொட்டிவிடும். இந்த மதகுக்கு க்யூ-ஸ்விட்ச் என்று பெயர்.

எந்த எந்திரக் கதவும் அந்த வேகத்தில் திறக்காது. ஆகவே இங்கேயும் படிகம். சிலவகைப் படிகங்களில் மின்னழுத்தம் கொடுத்தால் உள்ளே ஒளியின் வேகம் தளத்துக்குத் தளம் மாறும். அதைக் கொண்டு ஒளி அதிரும் தளத்தைத் திருப்பினால், ஒரு தளத்தை மட்டும் விடும் தடுப்பு அதை மறித்துவிடும். கன ஹைட்ரஜன் சேர்த்து வளர்த்த பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் படிகத்துக்குச் சுமார் 3,500 வோல்ட் கொடுத்தும் எடுத்தும் பாதையை அடைக்கலாம், திறக்கலாம். சிறிய கருவிகளில் அதுவும் வேண்டாம்: குரோமியம் கலந்த யாக் துண்டு ஒன்று ஒளியைக் குடித்துக்கொண்டே இருந்து, வயிறு நிறைந்ததும் தானே தெளிந்து வழிவிடும்.

கண்புரை ஆபரேஷனுக்குப் பின் செய்யும் ‘யாக்’ இந்த வகை. புரை எடுக்கும்போது பழைய லென்ஸின் உறையை விட்டுவைத்து, அதற்குள் செயற்கை லென்ஸை வைப்பார்கள். மதுரையிலேயே ஆரோலேப் நிறுவனம் 1992 முதல் தயாரிக்கும் லென்ஸ்கள் இதற்கானவை. மாதங்களோ ஆண்டுகளோ கழித்துச் சிலருக்கு அந்த உறையின் பின்பக்கம் மங்கும். “புரை திரும்ப வளர்ந்துருச்சு” என்று பயப்படுகிறார்கள். புரை திரும்ப வராது, மங்கியது உறைதான். அதில் துளைபோட ஒரு துடிப்புக்கு 2 மில்லிஜூல் அளவே போதும். ஒரு கிராம் எடையை 20 செ.மீ. தூக்கத் தேவையான ஆற்றல் அது. ஆனால் அதையே 4 நானோ வினாடிக்குள் கொட்டும்போது, அந்தக் கணத்தில் திறன் 5 லட்சம் வாட். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள புள்ளியில் குவிந்ததும் அங்கே நுண்ணிய பொறி ஒன்று வெடித்து உறையைக் கிழிக்கும். சுட்டு எரிப்பதில்லை, வலியும் இல்லை. கற்றை கண்ணுக்குத் தெரியாது என்பதால் குறிபார்க்கத் தனியாக ஒரு சிவப்பு ஒளி சேர்த்திருப்பார்கள். நோயாளி பார்ப்பது அந்தச் சிவப்பைத்தான்.

நான்காம் வேலை: வழிகாட்டியும் ஜன்னலும்

கால்சைட் படிகத்தைச் செய்தித்தாள் மேல் வைத்தால் ஒவ்வோர் எழுத்தும் இரண்டாகத் தெரியும். வெவ்வேறு தளத்தில் அதிரும் ஒளியை அது இரண்டு வழியில் அனுப்புகிறது. லேசர் கற்றையைப் பிரிக்கவும் அதிரும் தளத்தைத் திருப்பவும் இந்தக் குணம் பயன்படும்.

இதை ஸ்படிக மாலையிலேயே பார்க்கலாம். லேப்டாப்பின் எல்.சி.டி. திரையை வெள்ளையாக வைத்து, போலராய்டு கூலிங் கிளாஸ் வழியாகப் பார்த்தபடி கிளாஸைச் சுழற்றுங்கள். ஒரு நிலையில் திரை இருண்டுவிடும். இப்போது மணியை நடுவில் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். ஸ்படிகமானால் இருட்டில் மணி வெளிச்சமாகவோ வண்ணமாகவோ தெரியும் நிலைகள் வரும். கண்ணாடி மணி இருண்டே இருக்கும். அச்சில் அழுத்தி வார்த்ததானால் ஆங்காங்கே மங்கலான திட்டுகள் மட்டும் தெரியலாம்.

பத்திரிகை அட்டையும் அக்ரிலிக் பெயர்ப்பலகையும் அறுக்கும் கடைகளில் உள்ள கார்பன் டை ஆக்சைடு லேசரின் மஞ்சள் நிற லென்ஸ் துத்தநாக செலினைடு. சின்னச் சின்னப் படிகங்கள் நெருங்கி உறைந்த பொருள் அது. அந்த லேசரின் 10,600 நானோமீட்டர் ஒளிக்குச் சாதாரணக் கண்ணாடி சுவர் மாதிரி, இது ஜன்னல். புகை படிந்தால் லென்ஸ் சூடேறி, சூட்டால் இன்னும் உறிஞ்சி, பிளந்துவிடும். தினமும் ரப்பர் ஊதியால் தூசி ஊதி, லென்ஸ் தாளில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டு, அழுத்தாமல் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். வேட்டி நுனியால் துடைத்தால் பூச்சு கீறிப்போகும். உடைந்த துண்டுகளில் செலினியம் இருப்பதால் வெறும் கையால் தொடக்கூடாது, தூளை ஊதவும் கூடாது.

கல்கண்டு போல வளர்ப்பது

கல்கண்டு காய்ச்சுகிறவர்களுக்குப் படிக வளர்ச்சியின் பாதி தெரியும். பாகு செறிந்திருக்க வேண்டும், நூலில் ஒட்ட ஒரு ‘விதை’ வேண்டும், மெல்ல ஆற வேண்டும். அவசரப்பட்டால் பெரிய கட்டிக்குப் பதில் சீனித்தூள் கிடைக்கும்.

தண்ணீரில் கரையும் அந்தப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டை வளர்ப்பதும் இதே வழி. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தின் மாபெரும் லேசருக்காக 300 கிலோவுக்கும் மேல் எடையுள்ள ஒற்றைப் படிகங்களை வளர்த்தார்கள். பழைய முறையில் இரண்டு ஆண்டு பிடித்த வேலையை, கரைசலைச் சுத்தமாக வைத்து வேகப்படுத்திய முறை இரண்டு மாதமாக்கியது. நம் பக்கம் இந்தக் கலையைப் படிக்க விரும்பும் மாணவர்களுக்குச் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் படிக வளர்ச்சி மையம் இருக்கிறது.

யாக் கரைசலில் வராது. இரிடியம் உலோகப் பாத்திரத்தில் சுமார் 1,970 டிகிரி செல்சியஸில் உருக்கி, விதைப் படிகத்தை மேல்பரப்பில் தொடவைத்து, சுழற்றிக்கொண்டே மேலே இழுப்பார்கள். நியோடைமியம் இட்ரியத்தைவிடப் பருமன். படிகம் அதை உள்ளே ஏற்கத் தயங்கும், பெரும்பகுதி உருக்கிலேயே தங்கிவிடும். அதனால் வேகம் மணிக்கு அரை மில்லிமீட்டர், 15 செ.மீ. நீளத்துக்கு 300 மணி நேரம், பன்னிரண்டரை நாள். நடுவில் இழுக்கும் வேகமோ சூடோ தடுமாறினால் குமிழியும் கோடுகளும் விழும். கட்டியின் நடுத்தண்டில் இறுக்கம் தேங்குவதால் அதை விட்டுவிட்டு, சுற்றிலுமுள்ள பகுதியிலிருந்து லேசர் தண்டுகளைக் குடைந்தெடுப்பார்கள். படிகத்தின் விலை கல்லுக்கல்ல, இந்த நாட்களுக்கும் கழிவுக்கும்தான்.

படிகம் இல்லாத லேசர்கள், லேசரே இல்லாத ஆபரேஷன்

எல்லா லேசரிலும் படிகம் இருக்கும் என்பது தவறு. அட்டை அறுக்கும் லேசரில் பாடுவது வாயு. இரும்புத் தகடு அறுக்கும் ஃபைபர் லேசரில் இட்டெர்பியம் கலந்த கண்ணாடி இழை. மூக்குக்கண்ணாடி போடுவதைத் தவிர்க்கக் கருவிழியைச் செதுக்கும் லேசர் 193 நானோமீட்டர் புறஊதா. அதுவும் ஆர்கான், ஃபுளூரின் வாயுக்களிலிருந்து வருவது.

பாகோ எனப்படும் ‘தையலில்லாக் கண்புரை ஆபரேஷனில்’ புரையை உடைப்பது அல்ட்ராசவுண்ட். வினாடிக்குப் பல்லாயிரம் தடவை அதிரும் ஊசிமுனை புரையைத் தூளாக்கி உறிஞ்சும். சில இடங்களில் ஆரம்ப வெட்டுகளுக்கு லேசரைத் துணைக்கு வைத்துக்கொள்வது உண்டு. செலவு பற்றிப் பேசும்போது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு பேனாவுக்குள் மூன்று படிகம்

சிவப்புச் சுட்டு விளக்கும் (லேசர் பாயிண்டர்) பச்சைச் சுட்டு விளக்கும் நிறம் மட்டும் மாறிய ஒரே பொருள் என்று கடையில் சொல்வார்கள். சிவப்பில் இருப்பது மின்சாரத்தை நேரே ஒளியாக்கும் குறைகடத்திச் சில்லு ஒன்றுதான் (அதுவும் படிகமே). திருவிழாவில் விற்கும் பச்சையில் பெரும்பாலும் மூன்று அடுக்கு இருக்கும். 808 நானோமீட்டர் அகச்சிவப்பு தரும் சில்லு, அதை 1064 ஆக்கும் நியோடைமியம் கலந்த வனடேட் படிகம், அதை 532 பச்சையாக்கும் டைட்டனைல் படிகம். கடைசியில், மிஞ்சிய அகச்சிவப்பைத் தடுக்க ஒரு வடிகட்டி இருக்க வேண்டும். விலையைக் குறைக்க முதலில் காணாமல் போவது அந்த வடிகட்டிதான்.

808 சில்லின் நிறம் ஒரு டிகிரி சூட்டுக்குச் சுமார் 0.3 நானோமீட்டர் நகரும். 25 டிகிரி அறையில் சரியாக இருந்த விளக்கு மதுரையின் 40 டிகிரி வெயிலில் 4.5 நானோமீட்டர் தள்ளிப்போகும். வனடேட் அதைச் சரியாக உறிஞ்சாது. பச்சை மங்கும். உறிஞ்சப்படாத அகச்சிவப்போ, வடிகட்டி இல்லாவிட்டால் அப்படியே வெளியே வரும். பச்சை கண்ணில் பட்டால் கால் வினாடியில் இமை தானாக மூடும். அகச்சிவப்பு தெரியாததால் இமை மூடாது, விழித்திரையில் குவிந்துகொண்டே இருக்கும். மங்கிய பச்சை விளக்கைப் பிள்ளைகள் “சும்மா வெளிச்சம்தானே” என்று முகத்தில் அடித்து விளையாடினால் உடனே வாங்கி பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.